பல்லைப் பார்த்துச் சிரிக்கும் தோழர்களுக்கு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் மூன்று நாள் சுற்றியது. 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தில் நடந்த இனவெறிக் கலவரத்தின்போது எடுத்த படம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சட்டை போடாத, தொப்பை பெருத்த, உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒரு வெள்ளைக்காரர். முன்பற்கள் இரண்டைக் காணோம். கீழே ஒரு வரி: "இதுதான் உயர்ந்த இனமாம்!" வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நாங்களும் சிரித்தோம், பொய் சொல்ல விரும்பவில்லை.

அந்தக் கலவரத்தில் ராதர்ஹாம் நகருக்கு அருகே அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குள் ஆட்கள் இருக்கும்போதே தீ வைக்கப் பார்த்தார்கள். அதைச் செய்தவர்களுக்குச் சிறை கிடைத்தது சரி. அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நாம் சிரித்தது தீ வைத்ததற்காக அல்ல. பல் இல்லாததற்காக, தொப்பைக்காக, பச்சைக்காக. "குளிக்க மாட்டான், கண்டதைத் தின்பான், வாயைத் திறந்தால் நாறும்" என்று நம் தாத்தாவைப் பார்த்துச் சொன்ன வாய்க்கும் நம் வாய்க்கும் அந்த ஒரு நிமிடம் என்ன வித்தியாசம் இருந்தது?

பல்லிலிருந்தே தொடங்குவோம். பிரிட்டனின் அரசு மருத்துவத் திட்டத்தை உலகமே புகழ்கிறது. அந்தத் திட்டத்தில் பல் மருத்துவர் கிடைப்பது இங்கிலாந்தின் பல ஊர்களில் குதிரைக் கொம்பு. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு பல் மருத்துவமனை அரசுத் திட்ட நோயாளிகளைச் சேர்க்கப்போகிறது என்று தெரிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் தெருவில் வரிசை கட்டினார்கள். போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. காசு உள்ளவர் தனியாரிடம் போகிறார். இல்லாதவர் வலி தாங்காமல் பிடுங்கிப் போட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறார். அந்த ஓட்டையைத்தான் நாம் "பண்பாடு இல்லை" என்று படித்தோம்.

எங்களில் மூன்று பேர் முதுகலைப் படிப்புக்காக வட இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் ஓராண்டு இருந்தோம். வாரம் இரண்டு நாள் ஓர் உணவு வங்கியில் வேலை. அங்கே தன்னார்வலராக வந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் எங்கள் மூவருக்கும் தேநீர் போட்டுத் தருவார். கெட்டியான சாயம், பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஊர்த் தேநீர் மாதிரியே இருக்கும். அதற்கு அங்கே 'பில்டர்ஸ் டீ' என்று பெயர், அதாவது கொத்தனார் தேநீர். எங்கள் வகுப்பில் படித்த ஒரு பெண், மிக நல்லவர், எங்கள் நிறத்தைப் பற்றி ஒரு சொல் தவறிப் பேசாதவர், ஒருநாள் அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஸ்பூனா!" என்று கண்ணை அகல விரித்துச் சிரித்தார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் மூவரும், ஒருவரை ஒருவர் கேட்காமலேயே, சர்க்கரையை நிறுத்திவிட்டோம். இரட்டைக் குவளையை எதிர்த்து ஊர்வலம் போன பிள்ளைகள் நாங்கள்.

சர்க்கரை போட்ட தேநீர் கீழ்த்தட்டின் அடையாளம் என்பது அங்கே எழுதாத சட்டம். மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ் ஆங்கிலேயரின் பழக்கவழக்கங்களைப் பற்றி 2004-ல் எழுதிய நூலில் இதை விரிவாகவே பேசுகிறார். ஆனால் இந்தச் சட்டம் எப்போது வந்தது? 1598-ல் லண்டனுக்கு வந்த ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானியப் பயணி, ராணி முதலாம் எலிசபெத்தின் பற்கள் கறுத்துப் போயிருந்ததையும், ஆங்கிலேயர் சர்க்கரையை அளவுக்கு மீறிச் சாப்பிடுவதையும் எழுதி வைத்திருக்கிறார். அப்போது சர்க்கரை பணக்காரர் வீட்டுப் பண்டம். சொத்தைப் பல் அரண்மனைப் பல்!

பிறகு கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் முதுகில் சாட்டை விழ விழச் சர்க்கரை மலிந்தது. 1834-ல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து போனார்கள்? நம்மிடமிருந்துதான். மொரீஷியசுக்குப் போனார்கள், 1860-ல் மதராசிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஏறி நட்டாலுக்குப் போனார்கள். அந்தச் சர்க்கரை மான்செஸ்டர் மில்லுக்குப் போய், பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்த பெண்ணுக்குச் சோற்றுக்குப் பதில் சூடான இனிப்புத் தண்ணீராக ஆனது. சிட்னி மின்ட்ஸ் 1985-ல் எழுதிய சர்க்கரை வரலாற்று நூலின் சாரம் இதுதான்: தொழிலாளிக்குச் சமைக்க நேரமில்லை, மலிவான கலோரி தேவைப்பட்டது, சர்க்கரையும் தேநீரும் ரொட்டியும் அதைக் கொடுத்தன. 1874-ல் பிரிட்டன் சர்க்கரை மீதான வரியை முழுவதும் நீக்கியது. எல்லோர் வீட்டிலும் சர்க்கரை வந்தது. அதற்கப்புறம்தான் மேட்டுக்குடிக்கு அது கசந்தது.

தேயிலை வந்த வழியும் நமக்குத் தெரியும். இலங்கை மலைகளில் அதைக் கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். ஆக அந்தக் கோப்பையில் சர்க்கரையும் நம் ஆட்கள் வெட்டியது, தேயிலையும் நம் ஆட்கள் கிள்ளியது, குடித்தவர் அங்குள்ள உழைப்பாளி. அதைப் பார்த்து முகம் சுளித்தவர் பேச்சைக் கேட்டு நாங்கள் ஸ்பூனைக் கீழே வைத்தோம்.

ஜார்ஜ் ஆர்வெல்லை இங்கே சொல்ல வேண்டும். 1937-ல் வெளியான விகன் நகரத்தைப் பற்றிய நூலில் அவர் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: கீழ்த்தட்டு மக்கள் நாறுவார்கள் என்றுதான் தன் வர்க்கத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று. வேலையில்லாதவர் ஏன் பழமும் முழுக்கோதுமை ரொட்டியும் வாங்காமல் சிப்ஸும் இனிப்புத் தேநீரும் வாங்குகிறார் என்பதற்கும் அதே நூலில் விளக்கம் உண்டு. வாழ்க்கை சலித்துக் கிடக்கும்போது வாய்க்கு ஏதாவது ருசியாக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதே ஆர்வெல் 1946-ல் தேநீர் போடுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதி, அதில் சர்க்கரை கூடாது என்கிறார். மனிதர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார், நாக்கு மட்டும் தன் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது.

நாக்கைப் பற்றிச் சொன்னால் பேச்சும் வந்துவிடுகிறது. 1954-ல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் உயர்குடிச் சொற்களுக்கு 'யு' என்றும் மற்றவற்றுக்கு 'நான்-யு' என்றும் பெயர் வைத்தார். நான்சி மிட்ஃபோர்டு அதை ஊரெல்லாம் பேசவைத்தார். கை துடைக்கும் துணியை 'நாப்கின்' என்றால் உயர்குடி, 'செர்வியெட்' என்றால் இல்லை. 'சோஃபா' என்றால் ஆயிற்று, 'செட்டீ' என்றால் போயிற்று. காதில் விழாவிட்டால் உயர்குடி வெடுக்கென்று 'வாட்?' என்று கேட்கும், 'பார்டன்?' என்று பணிவாகக் கேட்பவர் கீழே. நம் ஆங்கிலவழிப் பள்ளிகளில் 'வாட்' என்று கேட்டதற்கு எத்தனை பேர் அடி வாங்கியிருப்போம்! 'பார்டன்' என்று கேட்கப் பழகியது நம் மரியாதை. அங்கே அதுதான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். 2007-ல் இளவரசர் வில்லியமும் கேட் மிடில்டனும் சிறிது காலம் பிரிந்தபோது, பெண்ணின் தாய் 'டாய்லெட்', 'பார்டன்' என்றெல்லாம் பேசுகிறவர் என்று பத்திரிகைகள் எழுதின. விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர் அவர். செய்தி உண்மையோ பொய்யோ, அதை ஒரு காரணமாக நம்ப ஒரு நாடே தயாராக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கோடு எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது. உழைப்பாளி அதை எட்டிப் பிடித்ததும் அது நகர்ந்துவிடும். பர்பெரி நிறுவனத்தின் கட்டம் போட்ட துணி பணக்காரர் அணிந்தவரை நாகரிகம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அரசுக் குடியிருப்புப் பையன்கள் அந்தக் கட்டம் போட்ட தொப்பியைப் போட்டதும் அது அசிங்கமாகிவிட்டது; 2004-ல் நிறுவனமே தொப்பி செய்வதை நிறுத்தியது. அந்தப் பையன்களுக்கு 'சாவ்' என்று பெயர். பிள்ளை, பையன் என்ற பொருளில் ரோமா மக்கள் பேசும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். ஐரோப்பாவில் மிகவும் இழிவுபடுத்தப்பட்ட ஒரு மக்கள் தம் குழந்தையை அழைக்கும் சொல் வசையாகிப் போனது. சாதிப் பெயர்களே வசையாக இருக்கும் நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011-ல் ஓவன் ஜோன்ஸ் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். இங்கே படிக்கும் மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

சாப்பாட்டில் இது இன்னும் கொடூரம். 2006-ல் ராதர்ஹாமில் பள்ளியின் புதிய ஆரோக்கிய உணவு பிடிக்காத பிள்ளைகளுக்கு வேலி வழியாகச் சிப்ஸும் பர்கரும் கொடுத்த தாய்மார்களைப் பத்திரிகைகள் தேசத் துரோகிகள் போலக் காட்டின. 2013-ல் சமையல்காரர் ஜேமி ஆலிவர் ஒரு பேட்டியில், பெரிய டிவி வைத்திருக்கும் வீட்டில் தாயும் பிள்ளையும் தெர்மாகோல் பெட்டியில் சீஸ் சிப்ஸ் தின்றதைக் கண்டு வருந்தினார். 2022-ல் லீ ஆண்டர்சன் என்ற எம்.பி. நாடாளுமன்றத்திலேயே எழுந்து, மக்களுக்குச் சமைக்கவும் வரவு செலவு பார்க்கவும் தெரியவில்லை, முப்பது பென்ஸுக்குச் சமைத்துவிடலாம் என்றார்.

நாங்கள் வேலை செய்த உணவு வங்கியில் உருளைக்கிழங்கை வேண்டாம் என்று திருப்பித் தந்தவர்கள் உண்டு. வேகவைக்க எரிவாயு இல்லை. ஏழை வீடுகளில் மீட்டருக்கு முன்பணம் கட்டினால்தான் அடுப்பு எரியும். பணம் தீர்ந்தால் விளக்கும் அணையும். அதற்காகவே வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற பொருள்களை மட்டும் தனிப் பையில் கட்டி வைத்திருப்போம். 'கெட்டில் பை' என்று பெயர். சமைக்கத் தெரியாதவர் யாரும் அந்தப் பையை வாங்கவில்லை. ஒரு தாத்தா அதை வாங்கிக்கொண்டு, சுரங்க வேலை முடிந்து வரும் அப்பாவுக்காகத் தன் அம்மா எலும்புச் சூப்பை எப்படி நான்கு மணிநேரம் கொதிக்க வைப்பார் என்று அரைமணி நேரம் சொன்னார். நான்கு மணிநேர எரிவாயுவுக்கு இன்று என்ன விலை என்று அந்த எம்.பி.க்குத் தெரியுமா?

சரி, மேலே ஏறி வந்தால் விடுவார்களா? ஏஞ்சலா ரேனர் பதினாறு வயதில் கர்ப்பமாகிப் பள்ளியை விட்டவர், பராமரிப்புப் பணியாளராக இருந்தவர், தொழிற்கட்சியின் துணைத் தலைவரானார். அவர் பேச்சு வழக்கைக் கேலி செய்தார்கள். 2022 ஜூனில் அவர் கிளைன்ட்போர்னுக்கு ஓபரா பார்க்கப் போனார். உடனே துணைப் பிரதமர் டொமினிக் ராப் நாடாளுமன்றத்தில் அதையும் குத்திக்காட்டிக் கண்ணடித்தார். பாமரமாக இருந்தால் பாமரம், ஓபரா பார்த்தால் வேஷம். (பார்த்த ஓபரா 'ஃபிகாரோவின் திருமணம்': வேலைக்காரர்கள் எஜமானை ஏமாற்றும் கதை. ராப் அதைப் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பார்.) கிழக்கு லண்டன் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த கால்பந்து வீராங்கனை அலெக்ஸ் ஸ்காட், 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸைத் தொகுத்து வழங்கியபோது சொல்லின் கடைசி 'ஜி'யை விழுங்குகிறார் என்று பிரபுப் பட்டம் பெற்ற ஒருவர் புகார் சொன்னார். என் வர்க்கத்தின் பேச்சு இது, இதில் எனக்குப் பெருமை என்று ஸ்காட் பதில் கொடுத்தார்.

"கேலிதானே, பிரிட்டிஷ் நகைச்சுவை, இதையும் ஒடுக்குமுறை என்பீர்களா?" என்று கேட்பவர்களை 1989 ஏப்ரல் 15-க்கு அழைத்துப் போகிறோம். ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் அணியின் போட்டி. கூட்டம் நெருக்க, போலீஸ் அதிகாரி வெளிவாசலைத் திறக்கச் சொன்னார். வந்தவர்களை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பார்க்க ஆளில்லை. ஏற்கெனவே நிரம்பிய கம்பிக்கூண்டுக்குள் ஜனம் நசுங்கியது. காயங்களால் பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து 97 பேர். மிகச் சிறியவனுக்கு வயது பத்து.

அன்று பிற்பகலே போலீஸ், ரசிகர்கள்தான் வாசலை உடைத்தார்கள் என்று பொய் சொன்னது. நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ், குடித்த ரசிகர்கள் பிணங்களின் பையில் கைவிட்டுத் திருடினார்கள், காப்பாற்ற வந்த போலீஸ்மீது சிறுநீர் கழித்தார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. 'உண்மை' என்பது தலைப்பு. எப்படி நம்பினார்கள்? வேலையில்லாத துறைமுக நகரத்துக்காரன், குடிகாரன், ஓசியில் தின்பவன் என்று பத்தாண்டுகளாக லிவர்பூல்காரரைப் பற்றிச் சொல்லப்பட்ட நகைச்சுவைதான் அந்தப் பொய்க்கு நிலத்தை உழுது வைத்திருந்தது. இறந்த எல்லோருடைய இரத்தத்திலும், குழந்தைகள் உட்பட, மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். மது இருந்தவர்கள்மீது பழைய வழக்கு ஏதும் உண்டா என்று தேடினார்கள். 2012-ல் சுதந்திரக் குழு அறிக்கை வந்தபோது 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டது தெரிந்தது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மீது தவறில்லை என்று ஜூரி சொல்ல 2016 ஆனது. இருபத்தேழு ஆண்டுகள் தாய்மார்கள், "என் பிள்ளை குடிக்கவில்லை" என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். லிவர்பூலில் இன்றும் பலர் அந்த நாளிதழைத் தொடுவதில்லை.

செத்தவனின் பழக்கத்தைக் கிளறிக் கொன்றவனைக் காப்பாற்றுவது நமக்குப் புதிதா? துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களைப் பற்றி அடுத்த நாள் நம் நாளிதழ்கள் என்ன எழுதின என்று பழைய தாள்களைப் புரட்டிப் பாருங்கள்.

2017 ஜூன் 14-ல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். நாட்டின் பணக்கார நகராட்சிகளில் ஒன்றில், வசதியான வீடுகளுக்கு நடுவே நின்ற ஏழைகளின் கட்டடம். கட்டடம் பார்க்க நன்றாக இருக்கவும் குளிர் தாங்கவும் போர்த்திய உறைதான் எரிந்தது. குடியிருப்போர் முன்கூட்டியே எச்சரித்தார்கள். நிர்வாகம் அவர்களில் சிலரைத் தொல்லை கொடுப்பவர்களாகவே பார்த்தது என்று 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. லண்டனின் சில புதிய அடுக்ககங்களில் பணம் கொடுத்து வாங்கியவருக்கு ஒரு வாசல், சமூகக் குடியிருப்புக்காரருக்கு வேறு வாசல். 2019-ல் தென்லண்டனில் ஒரு வளாகத்தில் ஏழைப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலுக்கு வரமுடியாமல் வேலி வைத்திருந்தது செய்தியானது. எதிர்ப்பு வந்தபின் எடுத்தார்கள். நாம் 'சுவர்' என்றால் என்ன நினைப்போமோ, அதன் சின்னத் தம்பி அது.

சின்னத் தம்பி என்றுதான் சொல்கிறோம், இரட்டைப் பிள்ளை என்று சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரர் மகள் தாட்சர் குரலைப் பயிற்சியால் மாற்றிக்கொண்டு நாட்டையே ஆண்டார். நாம் எந்தக் குரலில் பேசினாலும் அடுத்த கேள்வி "எந்த ஊர், எந்தத் தெரு?" என்பதுதான். பிரிட்டனுக்குப் போனாலும் சாதி கூடவே போகிறது. 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013-ல் நாடாளுமன்றமே கடமை விதித்தது. 2018-ல் அரசு, தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைவிட்டது. அதே சட்டத்தின் முதல் பிரிவு, பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைப்பதைக் கருத்தில்கொண்டு பொது அமைப்புகள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. 2010 நவம்பரிலேயே தெரசா மே அதை அமல்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். ஸ்காட்லாந்து 2018-லும் வேல்ஸ் 2021-லும் அமல்படுத்தின. இங்கிலாந்தில் அது ஆண்டுக்கணக்கில் அச்சிட்ட எழுத்தாகவே கிடந்தது. ஒருவரின் வர்க்கத்தைக் காரணம் காட்டி வேலை மறுத்தால் அதற்கெனச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஒரே சட்டத்தில் அவர்களுக்கும் இடமில்லை, நமக்கும் இடமில்லை.

"ஆனால் அவர்கள் இனவெறியர்கள், நம்மைக் கண்டால் அடிப்பார்கள், அவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?" படத்தை அனுப்பிய தோழர் கேட்டது இது. நியாயமான கேள்வி, பயத்திலிருந்து வருவது. எங்களுக்கும் அங்கே பேருந்தில் வசவு கிடைத்திருக்கிறது.

முதலாவது, பிரிட்டனின் உழைக்கும் வர்க்கம் வெள்ளை மட்டுமல்ல. கிரென்ஃபெல்லில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாசியுங்கள்: மொராக்கோ, எத்தியோப்பியா, சிரியா, வங்கதேசம். உணவு வங்கி வரிசையில் ஹிஜாப் அணிந்தவரும் பச்சை குத்தியவரும் அடுத்தடுத்து நின்றார்கள். இரண்டாவது, இனவெறியின் கொள்கைகளை வகுத்தவர்கள் நல்ல பல் உள்ளவர்கள். அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொப்பைக்காரர் யாரும் தீட்டவில்லை. அதை அறிவித்த பிரதமர் ஈட்டனில் படித்தவர். வயதான வெள்ளைக்காரரின் சிவந்த முகத்தைப் பார்த்து 'கேமன்', அதாவது உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறி, என்று இடதுசாரிகளே கேலி செய்கிறார்கள். 2014-ல் தொழிற்கட்சியின் எமிலி தார்ன்பெரி, ரோசெஸ்டரில் இங்கிலாந்துக் கொடி தொங்கிய ஒரு வீட்டையும் வாசலில் நின்ற வெள்ளை வேனையும் படம் எடுத்துப் போட்டார். ஏளனம் என்று கொந்தளிப்பு எழுந்து அன்றே பதவி விலகினார். அந்த இடைத்தேர்தலில் வென்றது குடியேறிகளை எதிர்க்கும் கட்சி. படம் வந்தது வாக்குப்பதிவு நாளில். ஆகவே அந்தப் படத்தால்தான் தோற்றார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அந்த வேன்காரரிடம் பேச அதன்பின் எந்த முகத்தோடு போவார்கள்?

உணவு வங்கி ஓட்டுநரிடம் நாங்கள் ஒருநாள் குடியேறிகளைப் பற்றிக் கேட்டோம். சில மோசமான விஷயங்களைச் சொன்னார். சண்டை போட்டோம். பாதியில் எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டுவிட்டு வந்து மீதிச் சண்டையைப் போட்டார். எங்கள் கோப்பைகளை வைத்துவிட்டு, "நீங்கள் மூவரும் முன்பு சர்க்கரை போட்டுத்தானே குடிப்பீர்கள், ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். மூன்று பேருக்கும் பதில் வரவில்லை.

படத்தைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லி அந்தத் தோழருக்கு எழுதியிருக்கிறோம். அவர் இந்தச் செப்டம்பரில் மேல்படிப்புக்கு லீட்ஸ் போகிறார்.